மலிவுக் கத்தி எவ்வளவு அடி தாங்கும்?

காட்டு நடைக்கும் கூடாரத் தங்கலுக்கும் எடுத்துச் செல்லும் கத்திகளில் முரட்டு வேலையெல்லாம் மடங்காத வகைக்குத்தான் வந்து சேர்கிறது. அதன் அலகும், பிடிக்குள் நுழைந்து மறையும் காம்பும் ஒரே எஃகுத் துண்டில் அமைந்தவை. மடக்குக் கத்தியில் முதலில் தளர்ந்துபோகும் கீலும் பூட்டும் இதில் கிடையாது. அந்த நம்பிக்கையில் சுள்ளி சீவுவதோடு யாரும் நிற்பதில்லை. அலகை விறகின் தலையில் வைத்து, முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கிறார்கள். முனையைப் பலகையில் குத்தி நெம்புகிறார்கள். கணு நிறைந்த கிளையை வெட்டித் தள்ளுகிறார்கள். சில நூறு டாலர் கொடுத்து வாங்கிய கத்தி இதையெல்லாம் தாங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இருபது டாலர் அளவில் விற்கும் கத்தி எதுவரை தாங்கும், அதை எப்படிச் சோதித்து அறிவது என்பது இன்னும் பயனுள்ள கேள்வி. பலருடைய இடுப்பில் தொங்குவது அதுதான்.

இந்த வகைக்கு ஒரு தாயகம் சொல்ல வேண்டுமானால் சுவீடனின் தாலார்னா மாகாணத்து மோராவைச் சொல்லலாம். மோராவை அடுத்த ஓஸ்ட்நோர் என்ற சிற்றூரில், வட அமெரிக்காவில் மரம் வெட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஃபிராஸ்ட் எரிக் எர்சன், 1891இல் மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். பட்டறை ஆட்களுக்கு வேண்டிய கத்திகளையும் அங்கேயே செய்தார்கள். நாளடைவில் கத்தியே முதல் தொழிலாகிவிட்டது. 1912இல் தோன்றிய கே. ஜே. எரிக்சன் நிறுவனமும் இதுவும் 2005இல் ஒன்றாயின. மோராக்னிவ் என்ற பெயரில் இன்று வரும் அந்தக் கத்திகளில் பரவலாக அறியப்பட்டது கம்பானியன்: பத்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அலகு, துருப்பிடிக்காத எஃகில் 2.5 மில்லிமீட்டர் கனம், வார்த்த பிளாஸ்டிக் பிடி. கடும் வேலைக்கென்று அதே வடிவம் 3.2 மில்லிமீட்டர் கனத்திலும் கிடைக்கிறது. எல் சால்வடாரில் காண்டோர் என்ற பெயரில் செய்யப்படும் கார்பன் எஃகுக் கத்திகளும், சீனாவிலிருந்து வரும் பல்வேறு கத்திகளும் இதே சந்தையில் நிற்கின்றன. ஆனாலும் ஒரே வடிவம் இரண்டு கனத்தில் கிடைப்பதால், எதனால் எது மாறுகிறது என்று பிரித்துப் பார்க்க மோராவே வசதி.

கத்தி 'உறுதியானது' என்று பொதுவாகச் சொல்லும்போது நான்கு வெவ்வேறு குணங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கடினம் என்பது மேற்பரப்பில் பள்ளம் விழாமல் எதிர்க்கும் குணம். கூர் மடங்காமல் நிற்பது பெரும்பாலும் இதனால். வலிமை என்பது நிரந்தரமாக வளைந்துபோகும் முன் அலகு ஏற்கும் சுமை. விறைப்பு என்பது ஒரு குறிப்பிட்ட சுமைக்கு அலகு எவ்வளவு வளைகிறது என்பது. நான்காவதுதான் இங்கே பேசப்படும் அடிதாங்கும் திறன்: முறியும் முன் எஃகு உள்வாங்கிக்கொள்ளும் ஆற்றல். கண்ணாடி மிகக் கடினமானது, ஆனால் சிறு அடிக்கே நொறுங்கும். ஈயம் எவ்வளவு அடித்தாலும் நொறுங்காது, ஆனால் அதில் கூர் நிற்காது. கத்தி எஃகு இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடித்தாக வேண்டும். அந்த இடம் எது என்பதில்தான் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு.

எஃகில் முதலில் பார்க்க வேண்டியது கார்பன் அளவு. அமெரிக்கக் கத்திகளில் நெடுங்காலமாகப் புழங்கும் 1095 எஃகில் ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன் உண்டு. கடினத்துக்குத் தேவையான அளவைவிட இது அதிகம். எஞ்சிய கார்பன், கார்பைடு என்னும் கடினத் துகள்களாகத் தங்குகிறது. தோய்ச்சலின்போது சூடு கூடிப்போனால் எஃகின் உள்ளமைப்பும் நொறுங்கும் வகைக்குத் திரும்புகிறது. மோரா பயன்படுத்தும் சான்ட்விக் 12சி27 எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். கார்பைடுகள் மிக நுண்ணியவை. சவர அலகு செய்யும் எஃகுகளின் நெருங்கிய உறவு இது. கார்பன் எஃகு அடி தாங்கும், துருப்பிடிக்காத எஃகு உடைந்துவிடும் என்று நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. கரடுமுரடான பெரிய கார்பைடுகள் கொண்ட சில துருப்பிடிக்காத எஃகுகளுக்கு அது பொருந்தும். நுண்கார்பைடு வகைகளைச் சரியாகத் தோய்த்துச் சோதித்தால் அவை 1095ஐத் தாண்டி நிற்கின்றன. தமிழ்நாட்டுக் கொல்லர்கள் பழைய லாரியின் வில்பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிப்பதிலும் இதே கணக்கு இருக்கிறது: வில்பட்டை எஃகில் கார்பன் 0.6 சதவீதத்துக்கு அருகில். அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உருவான எஃகு அது.

எஃகின் பெயரைவிடத் தோய்ச்சல் முக்கியம். சூடேற்றிய அலகை எண்ணெயிலோ காற்றிலோ வேகமாகக் குளிர்விக்கும்போது அது மிகக் கடினமாகிறது, கூடவே நொறுங்கும் தன்மையும் வருகிறது. பிறகு எளிய கார்பன் எஃகுக்குச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் மீண்டும் மெல்லச் சூடாக்கிப் பதம் கொடுக்கிறார்கள். இதில் கடினம் கொஞ்சம் குறைந்து அடிதாங்கும் திறன் ஏறும். ஆனால் சூட்டைக் கூட்டக் கூட்ட அது ஏறிக்கொண்டே போவதில்லை. ஏறக்குறைய 260 முதல் 370 டிகிரி வரையுள்ள இடைவெளியில் பதம் கொடுத்த கார்பன் எஃகு, கடினத்தையும் இழந்து, அடிதாங்கும் திறனிலும் பின்வாங்கிவிடும். முதற்சூடு அளவு மீறினால் எஃகின் உள்மணிகள் பருத்துப்போகின்றன. அப்படிப்பட்ட அலகைப் பிற்பாடு எந்தப் பதமும் முழுமையாகக் காப்பாற்றாது. தொழிற்சாலைக் கத்தியின் பெரிய பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கணினி கட்டுப்படுத்தும் உலையில் ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சூட்டைப் பெறுகின்றன. விலை குறைவு என்பதற்காகத் தோய்ச்சலும் மட்டமாக இருக்க வேண்டியதில்லை. பல மலிவுக் கத்திகள் தம் விலைக்கு மீறி உழைப்பதற்கு இதுவே காரணம்.

வடிவத்தின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. வளைவுக்கு எதிரான விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. தாங்கும் சுமை இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 2.5 மில்லிமீட்டரிலிருந்து 3.2 மில்லிமீட்டருக்குப் போகும்போது, அலகை ஒரு தட்டையான பட்டையாக வைத்துக் கணக்கிட்டால், விறைப்பு இருமடங்கைச் சற்றே தாண்டுகிறது; வளையத் தொடங்கும் சுமை 1.6 மடங்காகிறது. எஃகு மாறவில்லை, தோய்ச்சல் மாறவில்லை. முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கனம் மட்டுமே கூடியிருக்கிறது. விறைப்பில் தோய்ச்சலுக்குப் பங்கே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கடினமாகத் தோய்த்த அலகும் மென்மையான அலகும் ஒரே சிறு சுமைக்கு ஒரே அளவுதான் வளையும். கடினமானது இன்னும் அதிகமாக வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். மென்மையானது அதற்கு முன்பே கோணிக்கொள்ளும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒரே கோணத்துக்கு வளைக்கும்போது கனத்த அலகின் மேற்பரப்பு மெல்லிய அலகைவிட அதிகமாக இழுபடுகிறது. எனவே கனத்த கத்தியை வளைக்கப் பெரும் பலம் வேண்டும், ஆனால் அது குறைந்த கோணத்திலேயே முறியலாம். மெல்லிய கத்தி எளிதில் வளைந்து, பெரிய கோணம்வரை உயிரோடு இருக்கும். 'இத்தனை டிகிரி வளைந்தது' என்ற முடிவைக் கனத்தைச் சொல்லாமல் அறிவிப்பது, எதையும் சொல்லாததற்குச் சமம்.

உடையும் கத்திகளில் பல, அலகின் நடுவில் உடைவதில்லை. அலகு முடிந்து காம்பு தொடங்கும் இடத்தில்தான் முறிவு வருகிறது. அங்கே அகலம் திடீரென்று சுருங்குகிறது. மூலை செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் இழுவிசை முழுவதும் அந்த மூலையில் குவியும். அதே மூலையைச் சிறு வளைவாக உருட்டிவிட்டால் குவிப்பு பெரிதும் தணியும். அலகின் முதுகில் வெட்டிய ரம்பப் பற்கள், ஆழமாகப் பொறித்த முத்திரை, சாணைச் சரிவு சட்டென்று நிற்கும் கோடு ஆகியவையும் இதே தீங்கைச் செய்கின்றன. காம்பு பிடிக்குள் எவ்வளவு நீளம் போகிறது என்பது வெளியே தெரியாது. வாங்கிய கத்திகளில் ஒன்றை எடுத்துப் பிடியை நெடுக்காக ரம்பத்தால் அறுத்துப் பார்ப்பதே தெளிவான வழி. கம்பானியனில் காம்பு பிடியின் கடைசிவரை போவதில்லை. அந்தக் குறையைப் போக்கும் வகையில் 2016இல் மோராக்னிவ் வெளியிட்ட கார்பெர்க் கத்தியில் காம்பு பிடியின் அடிவரை நீள்கிறது. அதன் விலை கம்பானியனின் விலையைப் போலப் பல மடங்கு.

ஆய்வுக்கூடத்தில் முதலில் அளக்கப்படுவது கடினம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தாங்கி உருளைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் உருவாக்கிய முறை அது. 1919இல் காப்புரிமை பெற்றது. கத்திகளுக்குப் பயன்படும் 'சி' அளவுகோலில், 120 டிகிரிக் கூம்பு வடிவ வைரமுனையை முதலில் 10 கிலோ விசையாலும் பிறகு 150 கிலோ விசையாலும் அழுத்திப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி, நூறிலிருந்து கழியும். 60 என்று வந்தால் பள்ளம் 0.08 மில்லிமீட்டர். மலிவு வெளிப்புறக் கத்திகள் பொதுவாக 55க்கும் 60க்கும் இடையே நிற்கின்றன. சரிவான பக்கத்தில் வைத்து அளந்தால் எண் பொய்யாகிவிடும். முதுகுக்கு அருகே இருபுறமும் இணையாக உள்ள தட்டைப் பகுதியில்தான் அளக்க வேண்டும். இயந்திரம் இல்லாதவர்களுக்கு 40 முதல் 65 வரை ஐந்தைந்து புள்ளி வேறுபாட்டில் வரும் சோதனை அரங்கள் கிடைக்கின்றன. எந்த அரம் வழுக்குகிறது, எது பிடித்து அராவுகிறது என்று பார்த்தால் கடினம் எந்த இடைவெளியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடிதாங்கும் திறனை நேரடியாக அளப்பது ஊசல் சோதனை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் சார்ப்பியின் பெயரால் வழங்கும் இந்த முறை 1900களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. உயரத்திலிருந்து விடப்படும் கனமான ஊசல், குறுக்கே வைத்த எஃகுத் துண்டை முறித்துக்கொண்டு மறுபுறம் ஏறுகிறது. எவ்வளவு உயரம் குறைவாக ஏறியதோ அவ்வளவு ஆற்றலை முறிவு விழுங்கிவிட்டது என்று பொருள். பாலம் கட்டும் எஃகில் துண்டின் நடுவே ஒரு வெட்டு போட்டுச் சோதிப்பார்கள். கத்தி எஃகு ஏற்கெனவே மிகக் கடினமானது என்பதால், வெட்டு போட்டால் எல்லா எஃகும் ஒரே மாதிரிக் குறைந்த எண்ணைக் காட்டிவிடும். ஆகவே வெட்டில்லாத மெல்லிய துண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் இந்த வகையில் பல கத்தி எஃகுகளைச் சோதித்து ஒப்பிட்டிருக்கிறார். எஃகைத் தேர்ந்தெடுக்க இது மிக நல்ல வழி. ஆனால் முறிவது கத்தி அல்ல, கத்திக்கான எஃகின் ஒரு துண்டு. காம்பின் மூலை, முனையின் மெலிவு, பிடியின் பொருத்தம் எதையும் இந்த ஊசல் அறியாது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கட்ரா ஆய்வுநிலையத்தின் இயந்திரம், மணல்துகள் கலந்த அட்டையை மீண்டும் மீண்டும் வெட்டவைத்துக் கூர் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கிறது. ஐஎஸ்ஓ 8442 தரநிலைத் தொடரின் ஐந்தாம் பகுதி இந்த முறையைத்தான் வகுத்திருக்கிறது. அது தேய்மானத்தின் அளவு. சமையலறைக் கத்திக்கு உரிய சோதனை. விறகின் மேல் வைத்து அடிப்பதற்கு இதுபோல எல்லாரும் ஏற்ற பொதுத்தரம் வழக்கில் இல்லை. எனவே வெளிப்புறக் கத்தியைச் சோதிப்பவர் தம் முறையைத் தாமே வகுத்து, அதை வரிக்குவரி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

கைவினைக் கொல்லர்களிடம் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1976இல் தொடங்கிய அமெரிக்க அலகுக் கொல்லர் சங்கம், உறுப்பினர் அடுத்த நிலைக்கு உயர இதைக் கேட்கிறது. கொல்லர் தாம் அடித்த கத்தியால், காற்றில் தொங்கும் ஒரு அங்குல மணிலாக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டடவேலைக்கான மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே கூரால் கையில் உள்ள மயிரை மழிக்க வேண்டும். கடைசியாக அலகை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள். கூர்ப்பக்கம் ஓரளவு விரிசல் விடலாம், அலகு இரண்டாகக் கூடாது. இதில் வெல்பவர் கூரைக் கடினமாகவும் முதுகை மென்மையாகவும் தோய்த்திருப்பார். கொல்லரின் தோய்ச்சல் கட்டுப்பாட்டை இது அழகாகக் காட்டுகிறது. நல்ல கத்தி எது என்று காட்டுவது வேறு விஷயம்: 90 டிகிரி வளைந்தும் முறியாத முதுகு மென்மையானது, ஆகவே சிறிய நெம்பலுக்கே கோணிக்கொள்ளக்கூடியது. முழுக்க ஒரே கடினத்தில் தோய்த்த தொழிற்சாலைக் கத்தியை இந்தச் சோதனையில் தோற்றது என்று ஒதுக்குவது நியாயமில்லை.

மலிவுக் கத்தியைச் சோதிக்க இறங்கும்போது முதல் வேலை, கூரைச் சமப்படுத்துவது. தொழிற்சாலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது கூரின் விளிம்பு சூடேறிப் பதம் கெட்டிருக்கலாம். புதுக்கத்தியில் சில நேரம் கூர் உடனே மழுங்குவதும், நாலைந்து முறை தீட்டிய பின் அதே கத்தி நன்றாக நிற்பதும் இதனால்தான். ஆகவே ஒப்பிடப்போகும் கத்திகளையெல்லாம் சோதனைக்கு முன் ஒரே கோணத்தில் நீரோடு தீட்டிப் பழைய விளிம்பை நீக்கிவிட வேண்டும். கோணம் வேறுபட்டால் கூரைப் பற்றிய ஒப்பீடே பொருளற்றது. மெல்லிய கூர் நன்றாக வெட்டும், எளிதில் சிதறும். சோதனைகளின் வரிசையும் முக்கியம். கத்திக்குக் கெடுதல் செய்யாதவை முதலில், முறிப்பது கடைசியில். பாதி வளைந்த அலகை விறகில் அடித்துப் பார்ப்பது எதையும் சொல்லாது.

கூருக்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. கால் அங்குலப் பித்தளைக் கம்பியைப் பலகையில் கிடத்தி, கூரை அதன்மேல் தீட்டும் கோணத்தில் வைத்து அழுத்தி நெடுக இழுக்கிறார்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி வளைந்து, கம்பியைத் தாண்டியதும் திரும்பிவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை. பொடிப்பொடியாகச் சிதறினால் அதிகக் கடினம் அல்லது பதக்குறைவு. அடுத்தது மரக்கணு. ஊசியிலை மரங்களின் காய்ந்த கணு சுற்றியுள்ள மரத்தைவிட மிக அடர்த்தியானது. கூரைச் சிதைக்க அதைவிட நல்ல பொருள் காட்டில் எளிதில் கிடைக்காது. ஒரே பலகையின் கணுக்களில் எண்ணிக்கை வைத்து வெட்டி, ஒவ்வொரு முறையும் கூரை விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல கூர் ஒளியைத் திருப்பித் தராது. மடங்கிய இடமும் சிதறிய இடமும் மின்னும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று போதும், மடங்கலா சிதறலா என்று பிரித்தறிய. இந்த வேறுபாட்டைக் குறிக்காமல் 'கூர் கெட்டது' என்று மட்டும் எழுதுபவர், சோதனையின் மிக மதிப்புள்ள பகுதியைத் தவறவிடுகிறார்.

விறகு பிளக்கும் சோதனையில் பலரும் கையால் அடிக்கிறார்கள். கை ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தில் அடிப்பதில்லை. களைத்த கைக்கும் புதுக் கைக்கும் வேறுபாடு உண்டு. இரண்டு கிலோ எடையை அரை மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியாக முதுகில் விழச்செய்தால் ஒவ்வொரு அடியும் ஏறக்குறைய 9.8 ஜூல். எடையின் முகத்தில் மரம் இருக்க வேண்டும், தச்சரின் கொட்டாப்புளியைப் போல. இரும்பு எஃகில் மோதினால் முதுகு பிதுங்கும், சில்லும் தெறிக்கும். நேரான நாருள்ள விறகில் நடுவே விழும் அடி பெரும்பாலும் எந்தக் கத்தியையும் ஒன்றும் செய்வதில்லை. மரமே ஆப்பு போலத் திறந்துகொண்டு வழிவிடுகிறது. கத்தியைக் கொல்வது முனைப்பக்கம் விழும் அடி. அலகின் நடு மரத்தில் இறுகியிருக்க, வெளியே நீண்டிருக்கும் முனையில் அடி விழ, பிடியைக் கை கெட்டியாகத் தாங்கும்போது, வளைவிசை முழுவதும் காம்பின் மூலைக்குப் போய்ச் சேர்கிறது. பிடியைத் தளர்வாகப் பிடித்தால் அந்த விசை வெகுவாகக் குறைகிறது. சோதனையில் இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியாகப் பதிவுசெய்வது நல்லது. பல தயாரிப்பாளர்கள் இப்படி அடிப்பதால் வரும் சேதத்தைத் தம் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முனைக்குச் சோதனை எளிது: பைன் பலகையில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் குத்தி, பக்கவாட்டில் நெம்பி எடுக்க வேண்டும். மெலிந்த முனையுள்ள கத்தி இங்கே தோற்கும். எஃகு மோசம் என்று அதற்குப் பொருளில்லை.

பக்கவாட்டு வளைவுதான் அதிகம் கற்றுத்தரும் சோதனை. முனையிலிருந்து 25 மில்லிமீட்டர் வைஸில் இறுக்கி, பிடியில் தொங்குதராசு ஒன்றைக் கட்டி இழுக்க வேண்டும். இருபது சென்டிமீட்டர் தூரத்தில் 20 கிலோ இழுத்தால் வளைவிசை சுமார் 39 நியூட்டன் மீட்டர். ஐந்தைந்து டிகிரியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு, அலகு நேராகத் திரும்புகிறதா என்று நேர்கோட்டுச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். முதன்முதலாகக் கோணல் தங்கிய சுமை வலிமையைச் சொல்கிறது. முறிந்த கோணம் எவ்வளவு நெகிழும் என்று சொல்கிறது. இரண்டுக்கும் இடையே செலவான ஆற்றல், மெதுவான சுமையில் அலகு முறியாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. கடினமான அலகு முறியும்போது எச்சரிப்பதில்லை. துண்டு கண்ணை நோக்கித்தான் பறக்கும் என்று வைத்துக்கொண்டு முகம் முழுவதையும் மறைக்கும் பாலிகார்பனேட் கவசமும் தோல் கையுறையும் அணியாமல் இதைச் செய்யவே கூடாது. அலகின்மேல் ஒரு தடித்த துணியைப் போர்த்திவிடுவது இன்னும் பாதுகாப்பு.

குளிர்நாட்டுக் கத்திக்குக் குளிரும் ஒரு சோதனைதான். எஃகு குளிரக் குளிர அடிதாங்கும் திறனை இழக்கிறது. ஆனால் தோய்த்த கத்தி எஃகு முன்பே மென்மையை விட்டுக்கொடுத்துவிட்டதால், சாதாரண இரும்பில் காணும் அளவுக்கு அதில் சரிவு தெரிவதில்லை. கவலைப்பட வேண்டியது பிடி. சாதாரண பாலிபுரொப்பிலீன் உறைநிலைக்கு அருகிலேயே நொறுங்கத் தொடங்கும். ரப்பர் கலந்த வகைகள் இன்னும் கீழேவரை தாங்கும். கத்தியை ஓரிரவு உறைபெட்டியில் வைத்து, எடுத்த உடனே பிடியின் அடியைக் கட்டையில் தட்டிப் பார்த்தால் மட்டமான பிளாஸ்டிக் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனைகளையெல்லாம் ஒரே ஒரு கத்தியில் செய்து தீர்ப்புச் சொல்வது பரவலான பழக்கம். அதன் பலவீனத்தைக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. உடையும் பொருள்களின் வலிமை ஒன்றுக்கொன்று எப்படிச் சிதறி நிற்கும் என்பதை 1939இல் சுவீடன் பொறியாளர் வாலோடி வெய்புல் ஆராய்ந்து எழுதினார். பொருளின் வலிமையை அதில் உள்ள ஆகப் பலவீனமான குறையே முடிவுசெய்கிறது. அந்தக் குறை ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு அளவில் இருக்கும். ஐந்து கத்திகளைச் சோதித்து ஐந்தும் தப்பின என்று வைத்துக்கொள்வோம். அந்த வகையில் நூற்றுக்கு 45 கத்திகள் அதே சோதனையில் உடையக்கூடியவையாக இருந்தாலும், ஐந்தும் தப்ப இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பத்துக் கத்திகள் தப்பினால் அந்த 45 என்ற எல்லை 26 ஆகக் குறையும். முப்பது தப்பினால் பத்துக்கு வரும். விலை உயர்ந்த கத்தியில் முப்பதை வாங்கி முறிக்க யாராலும் முடியாது. மலிவுக் கத்தியில் ஒரு மலையேற்றக் குழுவோ, பயிற்சிப் பள்ளியோ பத்தையாவது ஒதுக்க முடியும். விலைக் குறைவு இந்தக் கத்திகளுக்குத் தரும் உண்மையான வசதி இதுதான்: இவற்றின் குணத்தைக் கேள்விப்பட்டு நம்ப வேண்டியதில்லை, அளந்தே அறியலாம். பத்தும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தால் ஒரே உலைத் தொகுதியிலிருந்து வந்திருக்கக்கூடும். வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு கடைகளில் வாங்குவது மேல்.

முறிந்த கத்தியைக் குப்பையில் போடும் முன் முறிந்த முகத்தைப் படிக்க வேண்டும். எண்கள் சொல்லாததை அது சொல்லும். வெல்வெட்டுத் துணி போல மங்கிய சாம்பல் நிறமும் மிக நுண்ணிய மணிகளும் நல்ல தோய்ச்சலின் அடையாளம். சர்க்கரை மணிகள் போலப் பெரிதாக மின்னினால் உலைச்சூடு மீறியிருக்கிறது. முகத்தில் மெல்லிய அலைக்கோடுகள் ஓர் ஓரத்திலிருந்து விரிந்திருந்தால், விரிசல் பல அடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. கடைசி அடி மீதியை மட்டும் முறித்தது. கார்பன் எஃகு அலகில் ஒரு மூலை மட்டும் கறுத்தோ வைக்கோல் மஞ்சளாகவோ இருந்தால், தோய்ச்சலின்போதே அங்கே வெடிப்பு விழுந்து, பதம் கொடுத்த சூட்டில் அதன் உட்பக்கம் நிறம் மாறியிருக்கிறது. அந்தக் கத்தி பெட்டிக்குள் வைக்கப்படும் முன்பே விரிசலோடுதான் இருந்தது. அதன் எண்ணை மற்றவற்றின் சராசரியில் சேர்க்காமல், தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் நழுவிய ஒன்று என்று தனியே குறிக்க வேண்டும்.